மாத்திரையை நிறுத்தினால் மணி அடிக்கும்!

சிங்கப்பூரிலிருந்து ஒரு சபுராளி ஊருக்கு வருகிறார் என்றால், கூத்தாநல்லூர்ப் பக்கத்து வீடுகளில் அந்தப் பெட்டி திறக்கிற நேரம் ஒரு சின்னத் திருவிழா. கோடாலித் தைலம், சாக்லேட், பிள்ளைகளுக்குச் சட்டை, பெரியவர்களுக்குக் கைலி... எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. ரப்பர் பேண்ட் போட்ட மாத்திரை அட்டைகள்! "இது அத்தாவுக்கு பிரஷர் மாத்திரை. ஆறு மாசத்துக்கு வரும்."

பாசம்தான். குறை சொல்லவில்லை. ஆனால், அந்தப் பிளாஸ்டிக் பை விஷயமாகத்தான் இன்றைக்கு உங்களோடு கொஞ்சம் சண்டை போடப் போகிறேன்.

மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவில் பல வருஷமாக வைத்தியம் பார்க்கிறவன் நான். ஒருநாள் காலை ஆறரை மணி. வாசலில் ஆட்டோ. அறுபத்திரண்டு வயசுப் பெரியவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். சட்டையெல்லாம் வேர்வை. நெஞ்சில் பாரம். நாடி குதிரை மாதிரி ஓடுகிறது. பிரஷர் 200-ஐத் தாண்டி நிற்கிறது. முந்தின மாதம் அதே மனிதருக்கு 130/80 என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்!

"என்னம்மா ஆச்சு?" என்றேன் அவர் மனைவியிடம்.

"நாலு நாளா மாத்திரை இல்ல தம்பி. மவன் வாங்கிக் கொடுத்துட்டான். கொண்டு வர்றவங்களுக்கு டிக்கெட் தள்ளிப் போச்சு. அதான் பிரஷர் நார்மலா இருக்கே, நாலு நாளுதானேன்னு விட்டுட்டோம்."

கையில் காலி அட்டை வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். மெட்டோப்ரோலால்.

"இதே மருந்து நம்ம கடைத்தெருவுலயே கிடைக்குமேம்மா!"

"கேட்டோம் தம்பி. பேரு வேறயா இருந்துச்சு. அதான் வாங்கல."

முதலுதவி செய்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தோம். ஆண்டவன் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டார். இன்றைக்கு அவரே நடந்துபோய் மாத்திரை வாங்குகிறார்.

ஆனால், யோசித்துப் பாருங்கள். மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் பழைய நிலைக்குத்தானே திரும்ப வேண்டும்? மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் அவருக்கு 160 இருந்தது. அது ஏன் 200-ஐத் தாண்டியது? இருந்ததை விட மோசமானது எப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், அப்புறம் எந்த டாக்டரும் உங்களுக்கு "மாத்திரையை நிறுத்தாதீங்க" என்று சொல்லவே வேண்டாம். நீங்களே நிறுத்த மாட்டீர்கள்!

பைப் இல்லை... ஆறு!

ரத்தக்குழாய் என்றதும் நாம் என்ன நினைக்கிறோம்? வீட்டு மாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற பைப் மாதிரி ஒன்று. அடைத்துக்கொண்டால் குத்திவிட வேண்டியது. ஓட்டை விழுந்தால் ஒட்ட வேண்டியது. அவ்வளவுதானே?

அதுதான் தப்பு. ரத்தக்குழாய் சிமெண்ட் பைப் இல்லை, நம்ம வெண்ணாறு மாதிரி. ஆற்றின் கரைக்கு உயிர் உண்டு. அதில் புல் முளைக்கும், நாணல் பிடிக்கும். தண்ணீர் அதிகம் வந்தால் கரை ஒரு மாதிரி மாறும், வறண்டு கிடந்தால் இன்னொரு மாதிரி மாறும். ரத்தக்குழாயின் உள்பக்கமும் அப்படித்தான். எண்டோதீலியம் என்று பெயர். ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்கள், கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. அதற்கு வெளியே தசை. இந்த உயிரணுக்களின் மேல்தான் நம் கதையின் நாயகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் ரிசப்டார். தமிழில் ஏற்பி என்று பாடப்புத்தகம் சொல்லும்.

ஏற்பி என்றால் புரியவில்லையா? வீட்டு வாசலில் காலிங் பெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஓடி வருகிற ஹார்மோன்தான் விருந்தாளி. அட்ரினலின் வந்து மணியை அழுத்தினால் ஒரு வேலை நடக்கும். ஆஞ்சியோடென்சின் வந்து அழுத்தினால் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். மணி இல்லாத வீட்டுக்கு எவ்வளவு பெரிய விருந்தாளி வந்தாலும் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது.

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் லாங்லி, இப்படி ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1905-லேயே எழுதிவிட்டார். அது எப்படி வேலை செய்கிறது என்று துல்லியமாகக் காட்டிய லெஃப்கோவிட்ஸ், கோபில்கா இருவருக்கும் 2012-ல் நோபல் பரிசு கிடைத்தது. நூறு வருஷத்துக்கும் மேலான தேடல்!

இதில் நமக்கு முக்கியமான சங்கதி ஒன்று. இந்த மணிகளின் எண்ணிக்கை நிலையானது இல்லை. கூடும்... குறையும். நீங்கள் சாப்பிடுவது, ஊதுவது, விழுங்குகிற மாத்திரை எல்லாவற்றுக்கும் ஏற்ற மாதிரி மாறிக்கொண்டே இருக்கும்.

மூக்கே சாட்சி

நம்பிக்கை வரவில்லையா? உங்கள் மூக்கையே கேளுங்கள்.

சளி பிடித்து மூக்கு அடைத்துவிட்டது. மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்குகிறீர்கள். சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் என்று ஏதோ ஒன்று எழுதியிருக்கும். இரண்டு சொட்டு விட்டதும், ஆஹா! மூக்கு திறந்துகொள்கிறது. என்ன நடந்தது? மூக்குக்குள் இருக்கிற ரத்தக்குழாய்களின் மேல் உள்ள ஆல்ஃபா என்கிற மணியை அந்த மருந்து அழுத்தியது. குழாய் சுருங்கியது. வீக்கம் வடிந்தது.

நல்லதுதான். ஆனால், பத்து நாள், இருபது நாள் என்று விட்டுக்கொண்டே இருந்தால்? ஓயாமல் மணியடிக்கிற வீட்டில் என்ன செய்வார்கள்? ஒயரைப் பிடுங்கி விடுவார்கள்! ரத்தக்குழாயும் மணிகளைக் குறைத்துக்கொள்கிறது. மிச்சம் இருப்பதும் மந்தமாகிறது. இப்போது இரண்டு சொட்டு போதவில்லை. மருந்தின் வேகம் தீர்ந்ததும் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைக்கிறது. திரும்பவும் சொட்டு... திரும்பவும் அடைப்பு. சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் இந்தச் சின்னக் குப்பியை வருஷக்கணக்காக வைத்திருக்கிற ஆசாமிகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வந்திருப்பது சளியே இல்லை. சொட்டு மருந்து வரவழைத்த அடைப்பு! சில நாளுக்கு மேல் விடாதீர்கள் என்று குப்பியோடு வருகிற காகிதத்திலேயே போட்டிருக்கும். யார் படிக்கிறோம்?

மணியை அதிகம் அடித்தால் குறையும். அப்படியென்றால், மணியை அடிக்கவே விடாமல் மூடி வைத்தால்?

கேட்டீர்களே, அதுதான் நம் பெரியவரின் கதை.

ஸ்டிக்கரைக் கிழித்த கதை

மெட்டோப்ரோலால், அட்டெனோலால், ப்ரோப்ரனோலால்... இப்படி "லால்" என்று முடிகிற மாத்திரைகளுக்கு பீட்டா பிளாக்கர் என்று பெயர். 1960-களில் இந்த வகையைக் கொண்டுவந்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மாரடைப்புக்காரர்களுக்கு இது எத்தனை பெரிய வரம் என்று எந்த இதய டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

இதயத்தின் மேல் பீட்டா என்கிற மணிகள் உண்டு. அட்ரினலின் அதை அழுத்தினால் இதயம் வேகமாக, ஓங்கி அடிக்கும். இந்த மாத்திரை அந்த மணியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறது. அட்ரினலின் வந்து அழுத்தினாலும் சத்தம் கேட்காது. இதயம் நிதானமாக அடிக்கும். பிரஷரும் இறங்கும்.

வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "என்னடா, வாசலில் மணிச் சத்தமே காணோம்" என்று இன்னும் நாலு மணி வாங்கி மாட்டுகிறார். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடச் சாப்பிட மணிகளின் எண்ணிக்கை கூடுகிறது. பயப்படாதீர்கள், அத்தனை மணியின் மேலும் ஸ்டிக்கர் இருக்கிற வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

ஒரு நாள் திடீரென்று மாத்திரையை நிறுத்துகிறீர்கள். ஸ்டிக்கர் எல்லாம் இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். மணிகள் அப்படியே இருக்கும். அட்ரினலின் வருகிறது. முன்பு பத்து மணி அடித்த இடத்தில் இப்போது இருபது அடிக்கிறது! இதயம் தறிகெட்டு ஓடுகிறது. பிரஷர் எகிறுகிறது. ஏற்கெனவே இதயக் குழாயில் அடைப்பு உள்ளவராக இருந்தால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகும்.

புரிகிறதா, 160 இருந்தவருக்கு ஏன் 200 தாண்டியது என்று?

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ப்ரோப்ரனோலாலைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கு நேர்ந்த விபரீதங்களை அமெரிக்க டாக்டர்கள் 1975-லேயே எழுதிவிட்டார்கள். அங்கே இந்த மாத்திரைகளின் விவரக் குறிப்பில் "திடீரென்று நிறுத்தாதே" என்று பெட்டி கட்டி அச்சிட்டிருக்கிறது. நிறுத்தியே தீர வேண்டும் என்றாலும், டாக்டர் பார்வையில், ஒரு வாரம் இரண்டு வாரம் என்று படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். குளோனிடின் என்று இன்னொரு பிரஷர் மாத்திரை உண்டு. அதையும் சட்டென்று நிறுத்தினால் பிரஷர் துள்ளி ஏறும்.

எல்லா பிரஷர் மாத்திரையும் இப்படியா? இல்லை. அம்லோடிபின், டெல்மிசார்டன் போன்றவற்றை விட்டால் பொதுவாக இப்படித் துள்ளாது. பிரஷர் மெதுவாக, சத்தமில்லாமல் ஏறும். திருடன் ஓடி வந்தால் என்ன, நடந்து வந்தால் என்ன?

ஒரே மணி... இரண்டு பதில்!

மணியின் எண்ணிக்கை மட்டும் இல்லை. வீட்டின் ஆரோக்கியமும் முக்கியம். இதற்கு ஓர் அருமையான கதை உண்டு.

நியூயார்க்கில் ஃபர்ச்காட் என்று ஒரு விஞ்ஞானி. முயலின் ரத்தக்குழாயைத் துண்டு போட்டு, அதன்மேல் அசிடைல்கோலின் என்கிற பொருளை விட்டுப் பார்த்தார். சில துண்டுகள் சுருங்கின. சில துண்டுகள் தளர்ந்து விரிந்தன! ஒரே பொருள், ஒரே குழாய். ஏன் இந்தக் கோளாறு? கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். துண்டு போடும்போது உள்சுவர் உரசித் தேய்ந்துபோன குழாய்கள்தான் சுருங்கின. உள்சுவர் பத்திரமாக இருந்தவை விரிந்தன. 1980-ல் இதை எழுதினார். உள்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்கிற வாயுவை விட்டுத்தான் குழாயை விரிக்கிறது என்பது பிறகு தெரிந்தது. 1998-ல் நோபல் பரிசு.

"முயல் கதை நமக்கு எதுக்கு சார்?" என்கிறீர்களா? 1986-ல் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் இதையே மனித இதயத்தின் ரத்தக்குழாயில் செய்து பார்த்தார்கள். நல்ல குழாய் விரிந்தது. கொழுப்பு படிந்து நோய்பட்ட குழாய் சுருங்கியது!

நல்ல குழாய்க்கு "அகலமாகு" என்று கேட்கிற அதே வார்த்தை, நோய்பட்ட குழாய்க்கு "சுருங்கு" என்று கேட்கிறது. ஓடிப் பிடித்து பஸ் ஏறுகிறோம், கோபத்தில் கத்துகிறோம். அப்போது இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். குழாய் விரிய வேண்டிய அந்த நேரத்தில் சுருங்கினால் என்ன ஆகும்? வலி அன்றைக்குத்தான் வருகிறது. ஆனால், உள்சுவர் கெட்டுப்போக ஆரம்பித்து இருபது வருஷம் ஆகியிருக்கும்.

தம்ரூட் சொல்லும் பாடம்

உள்சுவரைக் கெடுப்பதில் முதல் எதிரி யார்? சர்க்கரை.

நம்ம ஊர் தம்ரூட் வேகும்போது பார்த்திருப்பீர்கள். ரவை, பால், முட்டை, சர்க்கரை, நெய்... சூடு ஏற ஏற மேல்பக்கம் பொன்னாகி, செவந்து, பழுப்பாகும். சர்க்கரை போய் முட்டையிலும் பாலிலும் இருக்கிற புரதத்தோடு ஒட்டிக்கொள்வதும் அந்த நிறத்துக்கு ஒரு காரணம். தட்டில் இருந்தால் ருசி. அதே சமாசாரம் உங்கள் ரத்தக்குழாயில் நடந்தால்?

நடக்கிறது! அடுப்பு இல்லாமலே, உடம்புச் சூட்டிலேயே, மெதுவாக நடக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் அது புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். டாக்டர் எழுதித் தருகிற "மூணு மாசச் சர்க்கரை" டெஸ்ட், சிவப்பணுவுக்குள் இருக்கிற ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான்.

இப்படி வருஷக்கணக்கில் பழுப்பேறிய கழிவுக்கென்றே ரத்தக்குழாய்ச் சுவரில் ஒரு மணி இருக்கிறது. 1992-ல் அடையாளம் கண்டார்கள். அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் "ரேஜ்" என்று வரும். ரேஜ் என்றால் ஆத்திரம்! பொருத்தமான பெயர்தான். இந்த மணி அடித்தால் குழாய்ச் சுவர் வீங்கி, வெள்ளையணுக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும்.

மற்ற மணிகள் அதிகம் அடித்தால் குறைந்துவிடும் என்று பார்த்தோம் இல்லையா? இந்த மணி நேர் எதிர். கழிவு கூடக் கூட மணியும் கூடும். கூட்டம் சேர்ந்தால் கதவைச் சாத்தாமல் இன்னும் நாலு கதவைத் திறந்து விடுகிற வீடு! ஆரோக்கியமானவரின் ரத்தக்குழாயில் கொஞ்சமாகத்தான் இருக்கும். சர்க்கரை நோயாளியின் ரத்தக்குழாயில் எக்கச்சக்கமாக இருக்கும்.

அதனால்தான் "கல்யாணம் முடியட்டும், அப்புறம் ஷுகரைக் குறைச்சுக்கலாம்" என்பது ஆபத்து. இங்கிலாந்தில் 1977-ல் தொடங்கி, புதிதாகச் சர்க்கரை வந்தவர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு உண்டு. ஆரம்பத்திலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு, ஆய்வு முடிந்து பத்து வருஷம் கழித்தும் மாரடைப்பு குறைவாக இருந்தது என்று 2008-ல் சொன்னார்கள். இத்தனைக்கும் அந்தப் பத்து வருஷத்தில் இரு தரப்பின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது! ரத்தக்குழாய்க்கு ஞாபகசக்தி அதிகம். செய்த நல்லதையும் மறக்காது, கெட்டதையும் மறக்காது.

கொலஸ்ட்ராலும் சும்மா இல்லை. பிரஷரை ஏற்றுகிற ஆஞ்சியோடென்சின் மணியை அது அதிகமாக்கி விடுகிறது. கொலஸ்ட்ரால் கூடிய ஆண்களுக்கு ஆஞ்சியோடென்சினை ஏற்றிப் பார்த்த ஜெர்மன் டாக்டர்கள், மற்றவர்களைவிட அவர்களுக்கு பிரஷர் அதிகம் ஏறியதைக் கண்டார்கள். ஸ்டாடின் மாத்திரை கொடுத்து கொலஸ்ட்ராலைக் குறைத்ததும் மணியும் குறைந்தது, ஏற்றமும் குறைந்தது. 1999-ல் வந்த ஆய்வு இது. "பிரஷருக்குப் போனா கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை எழுதுறாரு, காசு பிடுங்குறாரு" என்று டாக்டரைத் திட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சிகரெட்? புகைச்சாறு பட்ட ரத்தக்குழாய்த் துண்டுகளில், குழாயைச் சுருக்குகிற எண்டோதீலின் மணிகள் பெருகுவதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பெட்டியில் கோடாலித் தைலத்தோடு சிகரெட் கார்ட்டனும் வருகிறதே, அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சிங்கப்பூர் சொன்ன செய்தி

சிங்கப்பூர் என்றதும் இன்னொன்று. தனராஜ் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும், 1950 முதல் 1954 வரை சிங்கப்பூரில் நடந்த பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை, ஒன்பதாயிரத்துக்கும் மேலே, உட்கார்ந்து புரட்டினார்கள். 1959-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஊர், ஒரே வெயில். ஆனால், இதய ரத்தக்குழாய் நோய் சீனர்களைவிட இந்தியர்களுக்குப் பல மடங்கு அதிகம்! அந்த இந்தியர்களில் பெரும்பாலோர் யார்? நம்ம தமிழ் ஜனங்கள்தான். இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்களும் அதில் உண்டு.

அப்போதே மணி அடித்துவிட்டது. நாம்தான் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு ஊரை விட்டுப் போகாதவர்களுக்கும் அதே கதை. 2023-ல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று, 20 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 35.5 சதவீதம் பேருக்கு பிரஷர், 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்கிறது. நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற வீட்டில் ஒருவருக்காவது பிரஷர் என்று வைத்துக்கொள்ளலாம்.

"பழக்கமாயிடுமே சார்!"

என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது. "மாத்திரை ஆரம்பிச்சா உடம்பு பழகிடும். அப்புறம் நிறுத்த முடியாது. அதனால ஆரம்பிக்காம இருக்கறதே நல்லது."

நேர்மையாகச் சொல்கிறேன், இந்தப் பயத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது. உடம்பு பழகத்தான் செய்கிறது. மணிக் கணக்கு மாறத்தான் செய்கிறது. ஆனால், மாத்திரை சாப்பிடாவிட்டால் மட்டும் கணக்கு மாறாமல் இருக்குமா? கட்டுப்படாத பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, புகை எல்லாம் தினமும் மாற்றிக்கொண்டுதான் இருக்கின்றன, உங்களுக்கு எதிராக! "பழகிவிடும்" என்பது திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதற்குக் காரணம். ஆரம்பிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இல்லை.

"நார்மல்" என்று காட்டியது யாருடைய நார்மல்? மாத்திரையோடு இருக்கிற நார்மல். குடை பிடித்துக்கொண்டு போனவர், "நான்தான் நனையவே இல்லையே" என்று நடு மழையில் குடையை மடக்கலாமா?

எங்கள் தரப்பிலும் தப்பு இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். "தொடர்ந்து சாப்பிடுங்க" என்று இரண்டு வார்த்தை சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டு விடுகிறோம். ஏன் என்று சொல்ல ஒரே ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தை அந்தப் பெரியவருக்கு முந்தின மாதமே நான் கொடுத்திருந்தால், அந்த ஆறரை மணி ஆட்டோ வந்திருக்காது. அந்த உறுத்தல்தான் இந்தக் கட்டுரை.

நீங்கள் செய்ய வேண்டியது

* மாத்திரையின் கம்பெனிப் பெயரை விடுங்கள். மருந்தின் பெயரை, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்குமே, அதை மில்லிகிராமோடு ஒரு தாளில் எழுதி பர்ஸில் வையுங்கள். சிங்கப்பூர் அட்டையும் நம்ம ஊர் அட்டையும் ஒரே மருந்தா என்று டாக்டரோ மருந்துக் கடைக்காரரோ ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள்.

* மகன் பணம் அனுப்பட்டும். மாத்திரையை உள்ளூரிலேயே வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்த அட்டை வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பணம் கஷ்டம் என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து கொடுக்கத்தான் 2021-ல் தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கியது.

* அத்தாவின் மாத்திரை அம்மாவுக்கு ஆகாது. "ரெண்டு பேருக்கும் பிரஷர்தானே" என்று பங்கு போடாதீர்கள். அவர் உடம்பின் மணிக் கணக்கு வேறு, உங்களுடையது வேறு. "லால்" மாத்திரை ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத் திணறலைக் கொண்டு வரும்.

* ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதீர்கள்.

* நோன்பு வருவதற்குச் சில வாரம் முன்பே டாக்டரிடம் போங்கள். பெரும்பாலானவர்களுக்கு மாத்திரை நேரத்தை நோன்பு திறக்கும் வேளைக்கும் சஹர் வேளைக்கும் மாற்றிக் கொடுக்க முடியும். யாருக்கு நோன்பு ஆபத்து என்றும் அப்போதே சொல்லிவிடுவார். நீங்களாகவே பகல் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

* நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல் என்றால் மாத்திரை தேடிக்கொண்டு நிற்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

வாழ்நாள் முழுக்க இவ்வளவுதானா, விடிவே இல்லையா என்று சோர்ந்து போக வேண்டாம். மணிக் கணக்கு மாறும் என்றால், நல்லபடியாகவும் மாறும் இல்லையா?

ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்தில் இதயக் குழாய் நோயாளிகளைத் தினமும் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். நகராத பயிற்சி சைக்கிள்தான். நான்கே வாரம். அசிடைல்கோலின் கொடுத்தால் சுருங்கிய அதே குழாய், முன்பு சுருங்கியதில் ஏறக்குறையப் பாதிதான் சுருங்கியது! சிறிய ஆய்வுதான், 2000-த்தில் வந்தது. ஆனால், சொல்கிற சேதி பெரியது. ரத்தம் வேகமாக உரசி ஓடினால் உள்சுவர் மறுபடியும் தன் வேலையை நினைவுபடுத்திக்கொள்கிறது. தினமும் நடந்து, உப்பையும் ஊறுகாயையும் குறைத்து, எடையை இறக்கியவர்களுக்கு நானே மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறேன். ஆனால், குறைத்தது நான். அவர்கள் இல்லை!

இன்றைக்குச் சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கிற மாத்திரை டப்பாவை எடுத்து, பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு அட்டையிலும் இருக்கிற சின்ன எழுத்தைப் படியுங்கள். எத்தனை நாளைக்கு மிச்சம் இருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு சிங்கப்பூருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்:

"தம்பி, கோடாலித் தைலம் மட்டும் போதும். மாத்திரையை நாங்க இங்கேயே வாங்கிக்கிறோம்."